வீட்டைச் சுற்றி நடந்த அண்ணன் தம்பி: எர்ல் ஸ்க்ரக்ஸின் பேஞ்சோ

கருவேலம்:
வணக்கம். ரொம்ப நாளாக மனசில் இருந்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஃபிளின்ட் ஹில் என்று ஒரு விவசாய ஊர். 1930கள். வீட்டு வாசலில் இரண்டு பையன்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிறார்கள். அண்ணன் ஹொரேஸ் கையில் கிட்டார், தம்பி எர்ல் கையில் பேஞ்சோ. இருவரும் ஒரே நேரத்தில் ஒரு பாட்டைத் தொடங்கி, ஒருவன் வலப்பக்கமாகவும் மற்றவன் இடப்பக்கமாகவும் வாசித்துக்கொண்டே வீட்டைச் சுற்றி நடக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் ஒருவன் வாசிப்பது மற்றவன் காதில் விழாது. மறுபடி எதிர்ப்படும்போது இருவரும் பாட்டின் ஒரே இடத்தில் இருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் விளையாட்டு.

அந்தத் தம்பிதான் பின்னாளில் பேஞ்சோவுக்குப் பெயர் பெற்ற எர்ல் ஸ்க்ரக்ஸ். பிறந்தது 1924 ஜனவரி 6. நாலு வயதில் அப்பா போய்விட்டார். அவரும் பேஞ்சோ வாசித்தவர், அம்மா ஆர்கன் வாசித்தவர். பத்து வயதில் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு ஒரு அறைக்குள் தனியாக உட்கார்ந்து பேஞ்சோவை நோண்டிக்கொண்டிருந்தபோது, அதுவரை கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டால் மட்டும் வாசித்த கை தன்னையறியாமல் நடுவிரலையும் சேர்த்துக்கொண்டதாம். கிடைத்துவிட்டது என்று கத்திக்கொண்டே வெளியே ஓடி வந்ததாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

நான் எட்டு மாதமாக ஐந்து தந்திப் பேஞ்சோ கற்றுக்கொள்கிறேன். இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஸ்க்ரக்ஸின் வேகம், வேகம் என்றே எழுதுகிறார்கள். அவருடைய உயிர் வேகத்தில் இல்லை, காலப்பிரமாணத்தில், அதாவது தாளம் கூடாமல் குறையாமல் சீராக நடப்பதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்த வீடு சுற்றும் விளையாட்டிலேயே அது தொடங்கிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வீணைத்தந்தி:
நல்ல இழை. முதலில் ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் பேஞ்சோ என்றால் டைப்ரைட்டர் மாதிரி பட்டன் வைத்த புல்புல்தாரா. பாட்டுக் கச்சேரிகளில் அதைத்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்வது வேறு கருவிதானே?

கருவேலம்:
ஆமாம் அக்கா, முற்றிலும் வேறு. இது கஞ்சிராவுக்கு நீண்ட கழுத்து முளைத்த மாதிரி இருக்கும். வட்டமான சட்டம், மேலே இழுத்துக் கட்டிய தோல், அதன்மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை, கழுத்தில் விரல் வைத்து அழுத்த உலோக மெட்டுகள். பழைய காலத்தில் கன்றுக்குட்டித் தோல், 1950களின் கடைசியிலிருந்து பிளாஸ்டிக்.

உங்களுக்குப் பிடிக்கப் போவது ஐந்தாவது தந்தி. மற்ற நாலும் கழுத்தின் நுனியிலிருந்து வரும். இது மட்டும் பாதி வழியில், ஐந்தாவது மெட்டுக்குப் பக்கத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிரடையிலிருந்து (தந்தியை முறுக்கும் திருகு) கிளம்பும். நீளம் குறைவு, ஸ்தாயி அதிகம். இடது கை அதை அழுத்துவது அபூர்வம். வலது கட்டைவிரல் மட்டும் அதைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருக்கும்.

வீணைத்தந்தி:
அட, எங்கள் வீணையின் பக்கத் தந்திகள் செய்கிற வேலை! சுண்டுவிரலால் அவற்றைத் தட்டித் தாளம் போடுவோம். சுருதியும் தாளமும் ஒரே தந்தியில் உட்காரும் இடம் அது. இப்போது உங்கள் எழுத்து காதில் கேட்கிறது. மேலே சொல்லுங்கள்.

மிருதங்கக்கை:
தம்பி கருவேலம், காலப்பிரமாணம் என்றீர்கள், அதனால் உள்ளே வருகிறேன். நேற்று இரவு அவருடைய ஃபாகி மவுன்டன் பிரேக்டவுன் என்ற பாட்டை வேகத்தைப் பாதியாக்கி இருபது தடவை கேட்டேன்.

வலது கையில் மூன்று விரல். கட்டைவிரலில் பிளாஸ்டிக், மற்ற இரண்டிலும் உலோகம். ஒரு ஆவர்த்தத்தை, அதாவது ஒரு தாளச் சுற்றை, எட்டுத் துணுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விரலும் வரிசையாக உருண்டால் மூன்று, மறுபடி உருண்டால் ஆறு, மிச்சம் இரண்டு. நம் வாயால் சொன்னால்:

தகிட தகிட தக
தகிட தகிட தக

கையால் இரண்டு துணுக்குக்கு ஒரு தட்டு போட்டுக்கொண்டே இதைச் சொல்லிப் பாருங்கள். முதல் 'த' தட்டில் விழும். இரண்டாவது 'த' இரண்டு தட்டுக்கு நடுவில் விழும். மூன்றாவது 'த' மறுபடி தட்டில் வந்து உட்காரும். பாட்டின் முக்கிய சுரங்களை அவர் இந்த மூன்று 'த'வில் மாற்றி மாற்றி வைக்கிறார், நடுவில் இருக்கும் துணுக்குகள் எல்லாம் இடத்தை நிரப்புபவை. அதனால்தான் காதுக்குப் பாட்டு தெளிவாகக் கேட்கிறது, கால் மட்டும் சும்மா இருக்க மறுக்கிறது. பாட்டின் தொடக்கத்தில் வரும் அந்த இரண்டு சுரத்தை மட்டும் கேளுங்கள். இடது விரலால் தந்தியைச் சுத்தியல் போல அடித்து அடுத்த மெட்டுக்கு ஏற்றுகிறார். கண் சிமிட்டும் நேரம்தான், ஆனாலும் இரண்டு சுரமும் தனித்தனியாக நிற்கின்றன.

வேகமாக வாசிப்பவர்கள் ஆயிரம் பேர். அந்த வேகத்தில் ஒவ்வொரு துணுக்குக்கும் அதன் இடத்தைக் கொடுப்பவர்கள் குறைவு. நீங்கள் சொன்னது சரி.

ரயிலடி:
நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அறைக்குள் உட்கார்ந்த பையனுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது என்கிற கதை எனக்கு எப்போதுமே நெருடுகிறது. மூன்று விரல் பாணி அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருந்தது. ஸ்மித் ஹேமட், ரெக்ஸ் புரூக்ஸ் என்று அக்கம்பக்கத்தில் வாசித்தவர்கள் இருந்தார்கள். ஸ்னஃபி ஜென்கின்ஸ் 1930களிலேயே சார்லட் நகர வானொலியில் மூன்று விரலால் வாசித்தார். எர்லின் சொந்த அண்ணன் ஜூனியும் பேஞ்சோக்காரர்தான். அப்படியிருக்க உலகம் முழுக்க 'ஸ்க்ரக்ஸ் பாணி' என்று ஒரே ஒருவர் பெயரை ஒட்டுவது நியாயமா?

இன்னொன்று. பேஞ்சோவே அந்த வட்டாரத்து வெள்ளைக்கார மலை ஊர்க்காரர்களின் சொத்து மாதிரி எல்லோரும் எழுதுகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் நினைவில் சுமந்து வந்த கருவி அது. சுரைக் குடுக்கையில் தோல் கட்டிச் செய்தார்கள். நீங்கள் எல்லோரும் வியக்கிற அந்தக் கட்டைவிரல் குட்டைத் தந்தி அவர்கள் கருவியிலேயே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அவர்களைக் கேலி செய்யும் மேடைகளில்தான் அதை நாடு முழுக்கப் பரப்பினார்கள். இதைச் சொல்லாமல் பேஞ்சோ வரலாறு சொல்லக் கூடாது.

பழைய இசைத்தட்டு:
ரயிலடி சொன்ன இரண்டாவது விஷயத்தில் ஒரு எழுத்துக்கூட எனக்கு மறுப்பு இல்லை. அதன் நிழல் ஸ்க்ரக்ஸ் காலம் வரை விழுந்திருந்தது. 1940களில் கன்ட்ரி என்ற அமெரிக்க கிராமியப் பாணி இசையின் வானொலியில் பேஞ்சோ என்றால் சிரிப்புக் காட்டுபவரின் கருவி. அங்க்கிள் டேவ் மேக்கன், ஸ்ட்ரிங்பீன் எல்லோரும் நல்ல வாசிப்புக்காரர்கள், ஆனால் கூட்டம் அவர்களிடம் எதிர்பார்த்தது கோமாளி உடையும் ஜோக்கும். ஸ்க்ரக்ஸின் பழைய படங்களைப் பாருங்கள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. கையை மட்டும் பார் என்பது போல நிற்பார்.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். 1945 டிசம்பர். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் பில் மன்றோவின் குழுவான ப்ளூ கிராஸ் பாய்ஸில் இடம் காலியாகிறது, ஸ்ட்ரிங்பீன் விலகிவிட்டார். குழுவின் கிட்டார்காரர் லெஸ்டர் ஃபிளாட்டுக்கு இதில் நிம்மதி. குழுவின் வேகத்துக்குப் பேஞ்சோ ஈடுகொடுப்பதில்லை, இனி அது வேண்டவே வேண்டாம் என்பது அவர் கட்சி. அப்போதுதான் நூல் ஆலையில் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த இருபத்தொரு வயதுப் பையன் ஒருவன் ஹோட்டலில் மன்றோவுக்கு வாசித்துக் காட்டுகிறான். கேட்டு முடித்ததும், என்ன செலவானாலும் இவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று மன்றோவிடம் சொன்னது அதே ஃபிளாட்தான்.

1946 செப்டம்பரில் அந்த ஐந்து பேரும் பதிவுக்கூடத்துக்குப் போனார்கள். மன்றோ மாண்டலின், ஃபிளாட் கிட்டார், ஸ்க்ரக்ஸ் பேஞ்சோ, சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பேஸ். கன்ட்ரி இசையின் ஒரு கிளையாக இன்று ப்ளூகிராஸ் என்று நாம் சொல்லும் ஓசைக்கு அந்த இசைத்தட்டுகள்தான் அச்சு. மன்றோவின் குழு அதற்கு முன்பும் பல ஆண்டுகள் இருந்தது. ப்ளூகிராஸ் என்ற பெயரும் அவர் குழுவின் பெயரிலிருந்து வந்ததுதான். எர்ல் வராத தட்டையும் வந்த தட்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

ரயிலடி:
ஐயா, அது ப்ளூகிராஸை உருவாக்கியது மன்றோவா ஸ்க்ரக்ஸா என்ற வாதத்துக்குப் பதில். நான் கேட்டது மூன்று விரல் பாணிக்கு ஒருவர் பெயரை வைக்கலாமா என்பது.

பழைய இசைத்தட்டு:
சரிதான், நான் தாண்டிப் போய்விட்டேன். அதற்கு அவருடைய கருவியை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஸ்க்ரக்ஸ் என்றாலே நினைவுக்கு வரும் அந்த கிப்சன் கம்பெனியின் கிரனாடா ரகப் பேஞ்சோ அவர் கடையில் வாங்கியது அல்ல. ஸ்னஃபி ஜென்கின்ஸ் அதை ஒரு அடகுக் கடையில் எடுத்தார். அவரிடமிருந்து டான் ரீனோவுக்குப் போனது. ரீனோவும் மூன்று விரல்காரர். மன்றோ முதலில் கூப்பிட்டதே ரீனோவைத்தான், ஆனால் அவர் போருக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் எர்ல். 1948இல் எர்ல் மன்றோவை விட்டு விலகியதும் அந்த இடத்துக்கு வந்தவரும் ரீனோதான். அந்தச் சமயத்தையொட்டித்தான் இருவரும் பேஞ்சோவை மாற்றிக்கொண்டார்கள். ஈடு போதாது என்று எர்ல் மேலே ஒரு மார்ட்டின் கிட்டாரையும் சேர்த்துக் கொடுத்தார்.

ஜென்கின்ஸ், ரீனோ, ஸ்க்ரக்ஸ். மூன்று பேருமே அந்தப் பாணிக்காரர்கள், மூன்று பேரின் கை பட்டதும் ஒரே மரம், ஒரே தோல். பாணி தனியாக ஒருவரிடம் பிறக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நான் முழுசாக ஏற்கிறேன். எர்லும் தனக்கு முன்னால் இருந்தவர்கள் பெயரைச் சொல்லத் தயங்கியதில்லை. ஆனாலும் அதே ஊர், அதே மூன்று விரல் என்று எல்லாம் ஒன்றாக இருந்தும், வானொலியில் எர்லைக் கேட்டுத்தான் நாடு முழுக்கப் பையன்கள் பேஞ்சோவைத் தூக்கினார்கள். ஜென்கின்ஸின் வாசிப்பில் உருட்டல் இருக்கிறது. எர்லிடம் அந்த உருட்டல் நிற்காமல், நலுங்காமல், பாட்டை விட்டுக்கொடுக்காமல் ஓடுகிறது. பெயர் ஒட்டிக்கொண்ட காரணம் அதுதான்.

ரயிலடி:
அந்தக் கருவி கைமாறிய கதை எனக்குத் தெரியாது. நன்றி ஐயா. இப்போது எனக்கு அந்தப் பெயர் முன்பு போல உறுத்தவில்லை. முன்னோர் பெயர்களையும் சேர்த்தே சொல்வோம் என்பதை மட்டும் விடமாட்டேன்.

மாடித்தோட்டம்:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருவர் பெயர் இன்னும் வரவில்லையே. லூயிஸ் ஸ்க்ரக்ஸ்.

1948இல் எர்லும் லூயிஸும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே ஆண்டு ஃபிளாட்டும் எர்லும் சேர்ந்து ஃபாகி மவுன்டன் பாய்ஸைத் தொடங்கினார்கள். 1950களில் குழுவின் கச்சேரி ஒப்பந்தம், கணக்கு, கடிதம் எல்லாம் லூயிஸின் கைக்கு வந்தது. நாஷ்வில்லில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்வது அப்போது வழக்கமே இல்லை. மார்த்தா ஒயிட் என்ற மாவுக் கம்பெனிக்காக 1953இலிருந்து விடிகாலை 5:45க்கு வானொலியில் வாசித்துக்கொண்டிருந்த குழு, 1962 டிசம்பரில் நியூயார்க்கின் புகழ்பெற்ற இசை அரங்கான கார்னகி ஹால் மேடையில் நின்றது. இடையில் நடந்த வேலையை யார் செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பெவர்லி ஹில்பில்லீஸ் விவகாரம். அந்தத் தொலைக்காட்சித் தொடரின் பாட்டுக்கு வாசிக்க அழைப்பு வந்தபோது லூயிஸ் முதலில் முடியாது என்றார். மலை ஊர்க்காரர்களைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்வார்களோ என்ற கவலை. முதல் பகுதியைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். அந்தப் பாட்டு 1963 ஜனவரியில் கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. பேஞ்சோ என்றால் கோமாளிக் கருவி என்று மேலே ஐயா எழுதினார் அல்லவா, அந்தக் கேலி மறுபடி தலை தூக்கிவிடக் கூடாது என்று காவல் நின்றவர் அவர். 2006இல் காலமானார்.

வீணைத்தந்தி:
மாடித்தோட்டம், இதற்காகவே இந்த இழையைத் திறந்து வைத்திருந்தேன் போல. வித்வான்களின் வீட்டில் இப்படி ஒருவர் எப்போதும் இருப்பார், விழா மலரில் அவர் படம் வராது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஒரு பாட்டில் தந்தி வழுக்கிக்கொண்டு கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது. ஜாரு மாதிரி இருக்கிறது. ஆனால் விரல் இழுக்கிற ஓசை அல்ல. அது எப்படி?

கருவேலம்:
அக்கா, உங்கள் காதுக்கு வணக்கம். அதில் விரலுக்கு வேலை இல்லை, பிரடைதான் இறங்குகிறது! 1951இல் எர்ல்ஸ் பிரேக்டவுன் என்ற பாட்டில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கையால் பிரடையைத் திருகித் தந்தியை இறக்கி ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் சுருதி துல்லியமாகத் திரும்பி வர வேண்டும், அது கஷ்டம். அதனால் பேஞ்சோவின் தலையில், அதாவது கழுத்தின் நுனியில், துளை போட்டு, தந்தியை ஒரு அளவுக்குத் தள்ளி நிறுத்தும் தனிப் பிரடைகளைப் பொருத்தினார். அதை வைத்து 1952இல் பதிவானது ஃபிளின்ட் ஹில் ஸ்பெஷல். சொந்த ஊர் பெயர். நீங்கள் கேட்டது அதுவாகத்தான் இருக்கும்.

மிருதங்கக்கை:
ஒரு கருவியின் தலையில் துளை போடத் துணிவு வேண்டும். அதுவும் அப்படிப்பட்ட கருவியில்.

கேட்க விரும்புபவர்களுக்கு: ஃபாகி மவுன்டன் பிரேக்டவுனில் 1949 டிசம்பர் 11 அன்று சின்சினாட்டியில் பதிவான மூலத்தையே முதலில் கேளுங்கள். பானி அண்ட் கிளைட் படத்தில் கார் துரத்தலுக்கு வருவதும் அதுதான். 2001இல் நண்பர்களோடு மறுபடி வாசித்ததும் நன்றாக இருக்கிறது, அதற்கு அடுத்த ஆண்டு கிராமி கிடைத்தது, ஆனால் என் மனசு பழையதில்தான். பிறகு இன்னொரு பேஞ்சோக்காரரான பேலா ஃபிளெக்கைக் கேளுங்கள். பெவர்லி ஹில்பில்லீஸ் பாட்டில் எர்லின் பேஞ்சோவைச் சின்ன வயதில் கேட்டுத்தான் அவர் இந்தப் பக்கம் வந்தார். அந்த ஃபிளெக் ஜாகிர் உசேன், ராகேஷ் சவுராசியா, எட்கர் மேயர் ஆகியோரோடு சேர்ந்து செய்த ஆல்பம் 2024இல் கிராமி வாங்கியது. தபேலாவும் பேஞ்சோவும் கணக்கு பேசிக்கொள்வதைக் கேட்டால், நான் மேலே எழுதிய தகிட தகிட தக எதற்கென்று புரியும்.

பழைய இசைத்தட்டு:
பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1969இல் ஃபிளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்தார்கள். ஃபிளாட்டுக்குப் பழைய வழி போதும். எர்லுக்கு மகன்கள் கேட்கிற இசை மேல் ஆசை. டிரம்ஸும் மின் கிட்டாரும் வைத்து மகன்களோடு எர்ல் ஸ்க்ரக்ஸ் ரெவ்யூ என்று புதுக் குழு தொடங்கினார். பழைய ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் அந்த ஓசை அவ்வளவாக ஒட்டவில்லை என்பதை ஒளிக்க மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் வாஷிங்டனில் வியட்நாம் போருக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தில் போய் வாசித்தார். நாஷ்வில் இசைக்காரர்கள் பெரும்பாலும் வாயைத் திறக்காத காலம் அது. அதற்காக அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை எந்தப் பாட்டாலும் கூடவோ குறையவோ போவதில்லை.

1979இல் ஃபிளாட் நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தபோது எர்ல் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தார். இருவரும் பத்து வருஷம் ஏறக்குறையப் பேசாமல் இருந்தவர்கள். மே மாதம் ஃபிளாட் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு எர்ல் கிட்டத்தட்ட முப்பத்து மூன்று வருஷம் வாழ்ந்தார். 2012 மார்ச் 28 அன்று நாஷ்வில்லில் காலமானபோது வயது 88.

மாடித்தோட்டம்:
1955 விபத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரில் போகும் வழியில் எர்லுக்கும் லூயிஸுக்கும் பலத்த அடி. எர்லுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அந்த இடுப்பு பிறகும் பல வருஷம் தொல்லை கொடுத்தது. அந்த இடுப்போடுதான் கார்னகி ஹாலில் நின்று வாசித்தார். வேகம் பற்றிப் பேசுபவர்கள் கண்ணுக்கு இது தெரிவதே இல்லை.

கருவேலம்:
எல்லோருக்கும் நன்றி. இழை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மிருதங்கக்கை ஐயா சொன்னபடி பத்து நாள் கருவியைத் தொடாமல் தகிட தகிட தக என்று வாயால் மட்டும் சொன்னேன். பிறகு தோன்றியது. என் மகளுக்குப் பதினோரு வயது, பள்ளியில் கிட்டார் கற்கிறாள். எங்கள் குடியிருப்பு மொட்டை மாடியில் படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்து ஒரு சின்ன வீடு அளவுக்கு நிற்கும். போன ஞாயிறு சாயங்காலம் அதன் முன்னால் முதுகோடு முதுகு ஒட்டி நின்று, அவளுக்குத் தெரிந்த மூன்று கார்டு (சுரக்கூட்டு) பாட்டு ஒன்றைத் தொடங்கினோம். அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம்.

தொட்டிக்குப் பின்னால் போனதும் மோட்டார் சத்தத்தில் அவள் கிட்டார் சுத்தமாக மறைந்துவிட்டது. அந்த ஏழெட்டு அடியில் என் கை தானாகவே ஓடத் தொடங்கியதை உணர்ந்தேன். பயம் வந்தால் கை முன்னால் ஓடும் போல. எதிர்ப்பட்டபோது நான் அவளைவிட முழு அரை வரி முன்னால் இருந்தேன். "அப்பா, நீங்க ஓடுறீங்க" என்றாள்.

ஆறாவது சுற்றிலிருந்து கால் அடியை எண்ணிக்கொண்டு நடந்தேன். மூன்று அடி எடுத்து வைத்தால் ஒரு ஆவர்த்தம் அல்ல, நாலு அடி. அது பிடிபட்டதும் கை அடங்கியது. ஒன்பதாவது தடவை தொட்டி மூலையில் அவள் முகம் தெரிந்தபோது இருவரும் ஒரே சொல்லில் இருந்தோம். அவள் சிரிப்பில் அடுத்த கார்டைத் தவறவிட்டாள். நாளைக்கும் மாடிக்குப் போகிறோம், இந்தத் தடவை அவள் இடப்பக்கம் வருவாளாம்.